சாமி கும்பிட நிற்கும் வாட்ச்

"நான் சாமி கும்பிட நின்னா, வாட்ச்சும் நிக்கணும்டி."

கோரிப்பாளையத்தில் டவுன் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் இருந்தார்கள். இதைச் சொன்னவருக்கு ஐம்பது வயதிருக்கும். இளையவள் செல்போனில் ஓட்டக்காரர்கள் கட்டும் ஜிபிஎஸ் வாட்ச்சுகளைத் தள்ளித் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தா இருக்குக்கா. நின்னா தானா நிக்கும், ஓடுனா தானா ஓடும். வெலதான் கூட."

"இருக்கட்டும். தெப்பக்குளத்தச் சுத்தி ஓடுறப்ப ஒவ்வொரு சுத்துக்கும் கோயில் முன்னாடி நின்னு கும்பிடுறேன்ல? பழைய வாட்ச்ச அமுக்கி அமுக்கி நிப்பாட்ட முடியல."

"போன ஞாயித்துக்கெழம இருபத்தியொரு கிலோமீட்டருக்கு எம்புட்டு நேரமாச்சு?"

"நின்ன நேரத்தக் கழிச்சா, மூணு மணி நேரத்துக்கு அஞ்சு நிமிசம் கம்மி."

"அக்கா, போட்டி நடத்துறவங்க கடிகாரம் நின்ன நேரத்தக் கழிக்காது. மூணு மணி நேரம் தாண்டுனா மெடல் கெடையாது. போன வருசம் வழியில எத்தன கோயில்ல நின்னீங்க?"

அக்கா விரல் விட்டு எண்ணினார்.

"ஏழு இருக்கும்."



ஓரமாக ஒரு பிள்ளையார் கோயில் வந்தது. அக்கா சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கோயில் பின்னால் போய்விட்டது. கை கன்னத்திலேயே இருக்க, திரும்பி அதைப் பார்த்தார்.

"ஏடி, பஸ்ஸு நிக்கவேயில்லயே!" என்று சிரித்தார். "இம்புட்டு வருசமா பஸ்ல இப்பிடித்தான கும்பிடுறேன், சாமி கோவிச்சுக்கிருச்சா என்ன? நிக்காத வாட்ச்சுக்கே ஆர்டர் போடு."