உஷாராணி வீட்டு ஆலங்கட்டி

...என் ஆலங்கட்டி, ஐஸ் சீவி விக்கிற ஐஸ் கச்சாங் கடையில வாங்குன கட்டியாம், தம்பி! தாமான் வாட்சப் குரூப்புல, இந்தக் குடியிருப்பு சனம் அத்தனை பேரும் பாக்க எழுதுறாரு, எதிர்வீட்டு கமலநாதன் வாத்தியாரு. ரிட்டயர் ஆன சயின்ஸ் வாத்தியாருன்னா என்ன வேணா எழுதலாமா? நான் புளுகுறேனாம் லா! அதான் நேரா உங்க பேப்பர் ஆபீசுக்கே போன் போட்டேன். ஞாயித்துக்கிழமை போட்டோ வரணும், அந்தாளு வாய மூடணும். பேரு உஷாராணி, ஊரு கிள்ளான்னு போடுங்க. வயசு வேணாம்.

உக்காருங்க, மைலோ குடிங்க. அட, கேமராவ அப்புறம் எடுக்கலாம்...

போன மாசம் அந்த இடிமழை ஞாபகம் இருக்கா? துணி எடுக்க ஓடுறேன், ஜிங்க் கூரை மேல டங்கு டங்குன்னு... ஆலங்கட்டி! ஒண்ணப் பொறுக்கி பிரீசர்ல வெச்சேன். அன்னையிலேர்ந்து கூட்டம்தான். பக்கத்து வீட்டு அமுதவள்ளி மூணு வாட்டி வந்தா. மூணு வாட்டியும் என் முறுக்குதான் கொறைஞ்சிச்சி. ரவாங்லேர்ந்து நாத்தனார் வேற, நாலு பிள்ளைங்களோட!

வாத்தியாரு வாய்ஸ் மெசேஜ் போட்டாரு பாருங்க, ஏழு நிமிஷம்! இடி மேகத்துக்குள்ள காத்து கீழேர்ந்து மேல அடிக்குமாம். தண்ணித் துளிய தூக்கிட்டுப் போயி ஒறைய வெச்சிருமாம். அது மேல ஜில்லுத் தண்ணி ஒட்டுமாம், அதுவும் ஒறையுமாம். மறுபடி நனைஞ்சி, மறுபடி ஒறைஞ்சி... வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கா வளருமாம். காத்தால தாங்க முடியாத அளவு கனம் வந்தா பொத்துன்னு கீழ. நம்மூரு சூட்டுக்கு வர்ற வழியிலேயே பாதி கரைஞ்சிருமாம், எலுமிச்சம்பழம் சைசுக்கெல்லாம் விழாதாம். விழுந்துச்சே! இந்தா, பிடிங்க!

வெட்டிப் பாக்கலாமா? உள்ள அடுக்கு இருந்தா நெசம், இல்லாட்டி கடை ஐஸுன்னு அவரே சொன்னாரு. இருங்க, மீன் வெட்டுற கத்தி... ஹும்! பாத்தீங்களா? ஒண்ணு, ரெண்டு, மூணு... ஒம்போது அடுக்கு! எடுங்க போட்டோ!

என்னா? எங்க? பச்சையா...

...கறிவேப்பிலை.

இல்ல தம்பி, அது... பிரீசர்ல பக்கத்துலயே கறிவேப்பிலை பாக்கெட்டு. யாராச்சும் பாக்க வந்தா எடுப்பேன். பனி பூத்து வெள்ளையா கெடக்கும். பளபளன்னு தெரியட்டுமேன்னு தண்ணியில ஒரு முக்கு முக்கிக் காட்டுவேன், ஈரத்தோடவே திருப்பி வெப்பேன். அவ்ளோதான்! விழுந்தப்ப எம்புட்டா? கொண்டக்கடலை... சரி, அதுக்கும் கொஞ்சம் கம்மி.

ஆனா வானத்துலயும் இப்படித்தானே வளருது? நனைஞ்சி ஒறைஞ்சி, நனைஞ்சி ஒறைஞ்சி! அங்க காத்து செஞ்சிச்சி, மிச்சத்த நான் செஞ்சேன். அதுல என்னா தப்பு?

என்னா, மைலோ அப்படியே இருக்கு, கிளம்பிட்டீங்க? தம்பி, உங்க காரு இந்தப் பக்கம்... அது வாத்தியாரு வீட்டு கேட்டு! அய்யய்யோ, அந்தப் பாதிக் கட்டிய எதுக்குக் கையோட எடுத்துட்டுப் போறீங்க?