ஆர்வம் உள்ளவர்கள் மட்டும்

தங்கை: "...பல் மருத்துவமனையில் பணிபுரிவது என் நீண்ட நாள் கனவு." எப்படிக்கா இருக்கு?

அக்கா: அடிச்சுடு.

தங்கை: ஏன்?

அக்கா: பல்லு ஆஸ்பத்திரியக் கனவுல பாத்தா யாரா இருந்தாலும் அலறிக்கிட்டுதான்டி எழுந்திருப்பாங்க.

தங்கை: விளம்பரத்துல என்ன போட்டிருக்காங்க? 'ஆர்வம் உள்ளவர்கள் மட்டும்.' கடிதத்துல ஆர்வம் சொட்டணும்.

அக்கா: நீ வேலை பாக்கற இடம்தானே? உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்த சொன்னா ஆகாதா?

தங்கை: டாக்டருக்கு ஆகும். ஆள் எடுக்கறது அவர் சம்சாரம். அந்தம்மாவுக்கு எல்லாம் எழுத்துல வேணும்.

அக்கா: சரி, எழுது. பதினெட்டு வருஷம் துணிக்கடையில நின்னேன்...

தங்கை: நின்னேன்னா எழுதறது?

அக்கா: உக்கார விட்டாத்தானே?

தங்கை: "பதினெட்டு ஆண்டுகள் வாடிக்கையாளர்களைப் புன்னகையுடன் வரவேற்று..."

அக்கா: புன்னகையாம் புன்னகை! கடையவே கலைச்சுப் போட்டுப் பாத்துட்டு ஒரு கைக்குட்டைய வாங்கிட்டுப் போவாங்க. பல்ல நறநறன்னு கடிச்சுக்கிட்டு நின்னவ நான்.

தங்கை: அதுக்குப் பேரு பொறுமை. போட்டாச்சு. அடுத்து?

அக்கா: அடுத்து என்ன... கடைய மூடினதுலேர்ந்து சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன், இந்த வேலை கிடைச்சாத்தான் எனக்கு மூச்சே வரும்னு எழுது.

தங்கை: ஆர்வம்க்கா, ஆர்வம். அழுகை இல்ல.

அக்கா: அப்ப இத எழுது. "என் தங்கையும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில் போவோம்."

தங்கை: ...அது வேணாம்.

அக்கா: என் ஆர்வமே அதுதானேடி.

தங்கை: சொந்தபந்தம்னு காட்டிக்கிட்டா அந்தம்மாவுக்குப் பிடிக்காது.

அக்கா: ரெண்டு பேர் மூக்கும் ஒரே அச்சு. இத எங்க கொண்டு போய் ஒளிக்கறது?

தங்கை: டீயக் குடி, ஆறுது.

அக்கா: ஆறட்டும்.

தங்கை: நெருப்பாக் கொதிச்சாத்தானே உனக்கு டீ? ஏன் வாய ஒரு பக்கமாவே வச்சுப் பேசற? அந்தக் கடவாப்பல்லா?

அக்கா: அது இப்ப வலிக்கல.

தங்கை: எத்தன தடவ கூப்பிட்டிருப்பேன். பல்லு மிஷின் சத்தம் கேட்டா வாசல்லயே சுருண்டு விழற ஆளு நீ. அங்க நாள் பூரா எப்படி உக்காருவ?

அக்கா: நீதான் பக்கத்துல இருப்பியே. இருப்பல்ல?

தங்கை: இதக் கேளு முதல்ல. வரவேற்பு மேசையில மேல் டிராயர் இழுத்தா வராது, லேசாத் தூக்கி இழுக்கணும். போன்ல யாராவது 'லேசா வலி'ன்னா நாளைக்கு வரச் சொல்லு. 'வலியே இல்ல, சும்மா காட்டணும்'னா உடனே வரச் சொல்லு, அவங்கதான் தூங்காம இருந்திருப்பாங்க. டாக்டர் விசிலடிச்சா நல்ல மனசுல இருக்காருன்னு அர்த்தம். லீவு அப்பத்தான் கேக்கணும்.

அக்கா: இதெல்லாம் அங்க வந்தப்புறம் சொல்லிக் குடுக்க மாட்டியா?

தங்கை: இப்பவே தெரிஞ்சா நல்லதுதானே. அப்புறம், நாற்காலி இடது பக்கம் சாயும். கால்ல அட்டை மடிச்சு வச்சிருக்கேன், பெருக்கறவங்க எடுத்துடப் போறாங்க, பாத்துக்கோ.

அக்கா: அது உன் நாற்காலி. நான் உக்காரப் போறது?

தங்கை: ...அதான் சொன்னேனே, கூட்டம் ஜாஸ்தியாயிடுச்சு, இன்னொரு ஆள் எடுக்கறாங்க. இன்னொரு நாற்காலியும் போடுவாங்க.

அக்கா: அந்த மேசைக்குப் பின்னாடி ரெண்டு நாற்காலிக்கு இடம் இருக்கா?

தங்கை: நீ எப்ப அங்க வந்து பாத்த? முடிச்சுடறேன். "தங்கள் நல்ல பதிலை ஆவலுடன் எதிர்பார்க்கும்..."

அக்கா: இரு, இரு. தங்கச்சி வரிய விட்டுட்ட.

தங்கை: சும்மா சும்மா அதையே பிடிச்சுக்கிட்டு...

அக்கா: எழுதினா என்ன? பொய்யா அது?

தங்கை: பொய்தான்! ஒரு நாற்காலிதான்க்கா. என்னோடது. எனக்கு வேற ஊர்ல பெரிய ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு. அடுத்த வாரம் சேரணும். உன் கடைய மூடின அன்னிக்குத்தான் அவங்க கூப்பிட்டுச் சொன்னாங்க. நீ கைப்பைய மடியில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்த. அந்த நேரத்துல எப்படிச் சொல்றது? மறுநாள் சொல்லலாம்னு பாத்தேன்... அப்புறம், உன்ன அந்த நாற்காலில உக்கார வச்சுட்டுச் சொல்லிக்கலாம்னு... அக்கா, ரெண்டு திட்டாவது திட்டேன். ஏன் இப்படிப் பாக்கற? உனக்குத் தூக்கிவாரிப் போடவே இல்லயா?

அக்கா: நேத்தே போட்டுடுச்சு. நீ வேலைக்குப் போறேன்னு கிளம்பின, நானும் பின்னாடியே கிளம்பி வந்தேன். அங்க உக்காரணும்னா முதல்ல பயம் விடணும்ல, உன் கையப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பல்ல எடுத்துடலாம்னு. வந்து பாத்தா உன் நாற்காலி காலி. சரின்னு டாக்டர் நாற்காலியோட கையப் பிடிச்சுக்கிட்டேன். அவரு விசிலடிச்சுக்கிட்டே பிடுங்கினாரு, பிடுங்கிக்கிட்டே சொன்னாரு, 'உங்க தங்கச்சி ஊருக்குப் போகப் பெட்டி வாங்கப் போயிருக்காங்க, அவங்க போயிட்டா எங்களுக்கு ஒரு கை ஒடிஞ்ச மாதிரி'ன்னு... கடிதாசக் கொண்டா, கையெழுத்துப் போடறேன். நான் போகத்தான் போறேன், அட்டையவும் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். என்னால அவருக்கு ஒரு வார்த்த பதில் சொல்ல முடியல, என் வாயில பஞ்சு இருந்துச்சு. உன் வாயில என்னடி இருந்துச்சு?