மயில்கழுத்துக் கிண்ணம்

ஹலோ... ஆமாம்மா, காஞ்சிபுரம்தான்... மெட்ராஸ் ட்ரங்க் காலா? குடு, குடு... ஹலோ! மியூசியம் வேணுகோபால் சாருங்களா? ஜீவந்தரன் பேசறேன் சார்... ஆமா ஆமா, ரோமாபுரிக் கண்ணாடிக் கிண்ணம் நம்ம வூட்லயேதான் இருக்குது... சாயந்தரம் வரீங்களா? பேஷா வாங்க... கண்காட்சியில என் பேரு போடுவீங்கல்ல?... 'ஜீவந்தரன், காஞ்சிபுரம்'. அது போதும் சார், வேற ஒண்ணும் வேணாம்...

இதுக்கு முன்னாடி யார் கையில இருந்துச்சின்னா?... அத ஏன் சார் கேக்கறீங்க, பூரா மடையனுங்க... மொதல்ல பாண்டிச்சேரி பக்கம் ஒரு குடியானவன். தென்னங்கன்னு வைக்கக் குழி வெட்டறான், பானைக்குள்ள கிடைக்குது. முழுசா சார், ஒரு கீறல் இல்ல... அவன் என்னா பண்ணான் தெரியுமா? வெத்தலைக்கு சுண்ணாம்பு வச்சிக்கினான்!... சிரிக்காதீங்க சார், எனக்கு வயிறு எரியுது... அப்புறம் ஒரு பிரெஞ்சுக்கார டாக்டரு. படிச்சவன்தானே? அவன் சுருட்டு சாம்பல் தட்டினான்... ஊருக்குப் போறப்ப சமையக்காரன் கையில குடுத்துட்டுப் போயிட்டான்... ஆமா, அவன்தான் இங்க சின்ன காஞ்சிபுரத்துல பழைய சாமான் கடை முனிரத்தினத்துகிட்ட தள்ளினான். அந்த முண்டம் அதுல ஆணி போட்டு வச்சிருந்தான் சார், துருப்பிடிச்ச ஆணி!... என் கண்ணுல பட்டுச்சி, பொழைச்சிது.

கலரா?... மயில்கழுத்து சார். இந்தப் பக்கம் திருப்பினா நீலம், அந்தப் பக்கம் பச்சை, நடுவுல தங்கம். எங்க ஊர்ல ஊடும் பாவும் வேற வேற கலர் போட்டாத்தான் பட்டுல அப்படி அடிக்கும்... கரெக்ட், ரெண்டாயிரம் வருஷம் மண்ணுல கெடந்தாத்தான் கண்ணாடியில வரும்... இருங்க, கையில வச்சிக்கினே சொல்றேன்... குணமாலா! பூஜை அலமாரியில இருக்கற கிண்ணத்த எடுத்துக்கினு வா!...

இன்னா இது?... இது இல்லடி, அந்த ரோமாபுரிக் கிண்ணம்... இதேதானா?... அப்ப கலரு எங்க?... தேய்ச்சியா! புளியும் சாம்பலும் போட்டா?...

ஒண்ணும் இல்ல சார், ஒண்ணும் இல்ல... லைன்லயே இருங்க...

ஏன்டி தேய்ச்ச?... சாராயமா?... ஆமா, ராத்திரி நான்தான் சொன்னேன், ரோமாபுரி துரைங்க இதுலதான் சாராயம் குடிச்சானுங்கன்னு. பெருமைக்கு சொன்னேன்டி!... சமண வூட்ல, ஜினர் சாமி பக்கத்துல சாராயக் கிண்ணமான்னா? அந்த அலமாரிக்குத்தான் பூட்டு இருக்குது, வேற எங்க வைக்கச் சொல்ற?... வாய மூடு.

சார்?... கேட்டுடுச்சா... ஆமா சார்... தேய்ச்சிட்டாங்க... கலரு... பூரா போயிடுச்சி சார். கண்ணாடி அப்படியே இருக்குது, பளபளன்னு... ஐயோ, சோடாக் கடை கிளாஸ் இல்ல சார், சத்தியமா பழசுதான்... யார் தேய்ச்சதா?...

அது... வேலைக்காரி சார்... ஆமா ஆமா, வேலைக்காரி. படிப்பு வாசனையே இல்லாத ஜென்மம்... இன்னைக்கேவா?... சரி சார், இன்னைக்கே அனுப்பிடறேன்... கண்டிப்பா சார், நீங்க வரும்போது அவ இங்க இருக்கமாட்டா.

குணமாலா... நீ இன்னும் இங்கதான் நிக்கிறியா?... சும்மா ஒரு பேச்சுக்கு சொன்னேன்... ஏய், பெட்டிய எதுக்கு எடுக்கற? பொடவைய உள்ள வை... திருப்புட்குழி பஸ்ஸா? உங்க அண்ணன்கிட்ட போய் இன்னா சொல்லுவ?... 'வேலைக்காரிய அனுப்பிட்டாரு'ன்னா!... குணமாலா, செருப்ப மாட்டாத, நில்லு...

சார், ஒரு நிமிஷம் சார்... ஆப்பரேட்டர் அம்மா, கட் பண்ணாதம்மா, இன்னொரு மூணு நிமிஷம் குடு!... சார், அது வேலைக்காரி இல்ல சார். என் சம்சாரம்... என் சம்சாரம் சார்! கேக்குதுங்களா?... ஹலோ?... ஹலோ?...

குணமாலா! சொல்லிட்டேன்மா! உன் காதால கேட்ட இல்ல?... அவருக்குத்தான் கேக்கல...