அட்டைப்பெட்டிக்குள் ஒரு பைலட்

— மறுபடியும் எட்டிப் பாத்த!

— பாக்கலம்மா.

— பாத்த சாமி. தலையில மாட்டின பெட்டி மேல தூக்குச்சு. எதிர்ல வர்ற சைக்கிள்காரன் எந்தப் பக்கம் ஒடிப்பான்னு அவன் தோளப் பாத்தே சொல்றவ நான். என் வண்டிக்குள்ள உக்காந்திருக்கற புருஷன் என்ன பண்றான்னு தெரியாதா?

— மூக்கு அரிச்சுது. டெக்னிக்கலா பாத்தா, மூக்கச் சொறியறது எட்டிப் பாக்கறதுல வராது.

— மூக்கு அரிச்சா கை மூக்குக்குப் போகணும். பெட்டி விளிம்புல அதுக்கு என்ன வேல? கீழ இறக்கு. இன்னும். ம். இப்ப என்னென்ன தெரியுது?

— ஸ்பீடு மீட்டரு, கடிகாரம், நீ பசை போட்டு ஒட்டின திசைகாட்டி.

— ரோடு?

— தெரியல.

— அப்ப சரி. நீ மேகத்துக்குள்ள இருக்க.

— மேகத்துல வெங்காய வாசன வருமாம்மா?

— எட்டு மூட்ட ஏத்தின மேகம், வரத்தான் செய்யும்.

— சந்தையில மூட்டைய எறக்கிட்டு வீட்டுக்குப் போயிடலாம்மா. நாளைக்கு டெஸ்ட். நான் பாட்டுக்கு உக்காந்து படிப்பேன்.

— போன ரெண்டு தடவையும் படிச்சுட்டுத்தான் போன. மொதல் தடவ என்ன ஆச்சு?

— டெஸ்ட் வைக்கறவரு தலையில மூடி மாட்டிவிட்டு, வெளிய பாக்காம மீட்டரப் பாத்தே ஓட்டுன்னாரு. எட்டிப் பாத்துட்டேன்.

— ரெண்டாந்தடவ?

— பாக்கல. ஆனா விமானம் சாயற மாதிரி இருந்துச்சு. நிமித்தினேன்.

— மீட்டரு என்ன சொல்லுச்சு?

— சாயலன்னுச்சு.

— அப்புறம்?

— நான் நிமித்தினதும் நெசமாவே சாஞ்சிடுச்சு. டெஸ்ட் வைக்கறவரு மடியில அவரு காபி மொத்தமும் கொட்டிடுச்சு.

— சூடா?

— அப்பத்தான் ஊத்தினது.

— மூணாவது தடவையும் இப்படியே போச்சுன்னா?

— சொல்லாத.

— நீ சொல்லு, கேப்போம்.

— பைலட் சீட்டு போயிடும். கீழ பார்சல் எட போடற மேசையில உக்கார வச்சிடுவாங்க.

— எட போடறது ஒண்ணும் கேவலமில்ல. இருபது வருஷம் முதுகுல மூட்ட தூக்கிட்டுத்தான் நான் இந்த ஸ்டியரிங்கப் பிடிச்சேன். ஆனா நீ அந்த மேசையில உக்காந்து, மேல போற ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பெருமூச்சு விடுவ. அதயே வீட்டுக்கும் எடுத்துட்டு வருவ. சோத்துத் தட்டு முன்னாடியும் விடுவ. என்னால முடியாது சாமி. சொல்லு, மேகத்துக்குள்ள யார நம்பணும்?

— மீட்டர.

— காது?

— காதுக்குள்ள இருக்கற தண்ணி பொய் சொல்லும்.

— வயிறு?

— வயிறும் பொய் சொல்லும்.

— பொண்டாட்டி?

— அது புத்தகத்துல இல்ல.

— சேத்துக்க. எறங்கும்போது இரநூறு அடி ஒசரத்துல ரன்வே தெரியலன்னா?

— கொஞ்சம் தேடிப் பாத்துட்டு…

— யோவ்!

— தேடக்கூடாது. உடனே மேல ஏறிடணும்.

— அம்பத்தி மூணாம் பக்கம், கீழேர்ந்து நாலாவது வரி. ஒத்தச் செருப்பு காணோம்னா தெருவையே கூட்டித் தேடறவன் நீ. அங்க போயி அந்த வேலய ஆரம்பிக்காத.

— எப்படிம்மா உனக்கு வரி வரைக்கும் ஞாபகம் இருக்கு?

— எனக்குப் படிக்க வந்ததே உன் புத்தகத்துலதானே. நாப்பது வயசுல எழுத்துக்கூட்டி, ஒரு பக்கத்துக்கு மூணு நாளு. முதுகு வலியோட படிச்சது எங்கயும் ஓடிப் போகாது. நீ ஒரு மணி நேரத்துல முழுப் புத்தகத்தையும் புரட்டிட்டு விசிலடிச்சுட்டு எந்திரிப்ப. சரி, இப்ப நான்தான் கீழேர்ந்து பேசற கண்ட்ரோல். வேகத்த முப்பதுக்குக் கொறைக்கறோம். திருப்பிச் சொல்லு.

— வேகத்த முப்பதுக்குக் கொறைக்கறோம்.

— சொன்னத அப்படியே திருப்பிச் சொல்லணும், ஒரு வார்த்த குறையக்கூடாது. ஐயோ, சிக்னல்ல போலீஸ்காரரு கை காட்றாரு. நீ வாயத் தொறக்காத.

— வண்டிய ஓரங்கட்டு.

— வண்டிய ஓரங்கட்டு.

— யாருய்யா அது, நான் சொன்னதயே திருப்பிச் சொல்றது? ஏம்மா, யாரு இந்த ஆளு? தலையில எதுக்கு பிஸ்கட் பெட்டி?

— எங்க வீட்டுக்காரரு சார்.

— என்ன பண்ணிட்டாரு?

— ஒண்ணும் பண்ணல சார். விமானம் ஓட்டிட்டு இருக்காரு.

— எங்க?

— இங்கதான் சார்.

— ஸ்டியரிங்கு உன் கையில இருக்கு!

— சார், நான் சொல்றேன். டெக்னிக்கலா பாத்தா, நான் வெளிய பாக்கக்கூடாது. அதனால பக்கத்துல இருக்கறவங்க கட்டாயம் வெளிய பாக்கணும். அது ரூல்.

— எல்லா வண்டியிலயும் டிரைவர்தான்யா வெளிய பாக்கணும்! பெட்டியக் கழட்டு, மூஞ்சியப் பாக்கறேன்.

— முடியாது சார்.

— என்னது?

— கழட்டினா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். வேணும்னா நீங்க கீழ குனிஞ்சு பாருங்க. நான் மேல பாக்க மாட்டேன்.

— குனியறேன்… ம், மூஞ்சி ஒழுங்காத்தான் இருக்கு. யோவ், மெதுவாச் சொல்லு. உன்ன யாரும் கடத்திட்டுப் போகலையே? உன் இஷ்டத்துக்குத்தான் போறியா?

— கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இப்படித்தான் சார் போயிட்டிருக்கு.

— எனக்கும் அதே கததான். போங்க, போங்க.

— சார், சார், ஒரே ஒரு நிமிஷம். இது எந்த இட…

— கேக்காத! கேட்டா எட்டிப் பாத்ததுக்குச் சமம்! நாங்க வரோம் சார்.

— சும்மா ஒரு சந்தேகத்துக்குக் கேட்டேன்மா.

— சந்தேகத்த அந்த மூணு மீட்டரு கிட்ட கேளு. உன் முன்னாடிதானே இருக்குதுங்க. ஆனா ஒண்ணு. போலீஸே சொல்லியும் நீ பெட்டியக் கழட்டல.

— ஆமால்ல?

— ஆமா. நல்லா இருந்துச்சு. ரொம்ப இளிக்காத, பெட்டி ஆடுது.

— ஏம்மா, உன் திசைகாட்டி கெட்டுப்போச்சு.

— ஏன்?

— சந்த தெற்க இருக்கு. முள்ளு கிழக்க காட்டுது. கெளம்பினதுலேர்ந்து கிழக்கதான் காட்டுது.

— பக்கத்துல இரும்பு இருந்தா அப்படிக் காட்டும்னு அறுபதாம் பக்கத்துல இருக்கு. ஸ்பேனர் இருக்கா பாரு.

— இருக்கு. எடுத்துட்டேன். அப்பவும் கிழக்கதான்.

— கடிகாரம்?

— முப்பது நிமிஷம் ஆச்சு. சராசரியா நாப்பதுல வந்திருக்கோம். அப்ப இருபது கிலோமீட்டரு. சந்த ஆறு கிலோமீட்டருதானேம்மா! ஸ்பீடு மீட்டரும் போச்சு. கடிகாரமும் போச்சு. எப்பேர்ப்பட்ட வண்டி வச்சிருக்க நீ?

— மூணும் ஒரே நாள்ல, ஒண்ணா பேசி வச்சுக்கிட்டுக் கெட்டுப்போச்சா?

— பின்ன? இந்தா, வண்டிய நிறுத்திட்ட. மூச்ச இழுத்தா வெங்காயம். சந்தைக்கு வந்துட்டோம், இதுல என்ன சந்தேகம்?

— வெங்காயம் உன் முதுகுக்குப் பின்னாடி இருக்கு.

— …ஆமா.

— மூக்கு என்ன சொல்லுது?

— சந்தைங்குது.

— மனசு?

— அதுவும் சந்தைங்குது. கெளம்பும்போது நீயும் சந்தைன்னுதானே சொன்ன?

— நான் ஆயிரம் சொல்லுவேன். மீட்டரு என்ன சொல்லுது?

— கிழக்க, இருபது கிலோமீட்டரு… அந்தப் பக்கம் நான் வேல பாக்கற விமான நிலையம்தான் இருக்கு. வேற ஒண்ணுமே இல்ல.

— சரி, பைலட் என்ன சொல்றாரு? ஒரே பதில். அப்புறம் மாத்தக்கூடாது.

— இரு, கணக்க இன்னொரு தடவ போட்டுக்கறேன்.

— போட்டுக்க. அவசரமில்ல.

— விமான நிலையம்.

— கேக்கல.

— விமான நிலையத்து கேட்டு முன்னாடி நிக்கறோம்! தப்பா இருந்தா சிரிக்கக்கூடாது, சொல்லிட்டேன்.

— பெட்டியக் கழட்டு.

— …அடியாத்தி! கேட்டு! நம்ம கேட்டு! சரியாச் சொன்னேன்மா! மூக்கு, மனசு, பொண்டாட்டி, மூணும் பொய், முள்ளுதான் நெசம்! சரி சரி, ஆனா எதுக்கு இங்க வந்த? மூட்ட என்ன ஆகறது?

— மூட்ட மத்தியானம் போகும். லைசென்ஸு, நீ பறந்த மணியெல்லாம் எழுதற புக்கு, டாக்டரு கொடுத்த சர்டிபிகேட்டு, எல்லாம் சீட்டுக்கடியில பையில இருக்கு. எடு.

— இதெல்லாம் நாளைக்குத்தானேம்மா வேணும்?

— நாளைக்கு டெஸ்ட் வைக்கற அந்தாளு லீவாம். முந்தாநேத்தே போன் பண்ணிட்டாரு. உன்கிட்ட சொல்லியிருந்தா ரெண்டு நாளும் கழிவறையிலதான் குடியிருந்திருப்ப. எறங்கு சாமி, டெஸ்ட் இன்னும் கால் மணி நேரத்துல.