சாமான் இல்லாத கொம்பனி

— அப்ப நஸீம் கேக் சுடுறேல்லையோ? இவ்வளவு நாளும் ஆரின்ரை போறணை அடுப்பில வேகுது?

— மிஸ், மொதல்ல கம்பிய புடிச்சுக்குங்க, ஓட்டோ ஆடுது. நஸீம் நானா கடையில இருக்கிறது கண்ணாடி அலுமாரியும் அவரும் மட்டுந்தான். ஓடர் வந்தா கட்டுகஸ்தோட்டை சுலைஹா அக்காவுக்கு போன் போட்டுருவாரு. இப்ப அங்கதான் போறோம்.

— விசரன்! சாமான் இல்லாமல் கேக் கடை நடத்துறானோ? வெக்கமில்லையோ அவனுக்கு?

— நீங்களுந்தானே மிஸ்...

— நான் வேற, அழகையா. நான் கொம்பனி. இரஞ்சிதம் இன்ரநஷனல். ரொறன்ரோவில இருந்து ஓடர் எடுக்கிறன், கண்டியில கடைக்காரனுக்குச் சொல்லுறன், நீர் வீட்டு வாசல்ல குடுக்கிறீர். போன நத்தாருக்கு என்ன லாபம்! ஒரு கேக்கைக் கையால தொட்டனானோ நான்?

— இதத்தான் செக்பொயின்ட்லயும் சொல்லித் தொலைச்சீங்க. கேக் கொம்பனின்னீங்க. கேக் எங்கன்னு ஆமிக்காரன் கேட்டான். எங்கிட்ட இல்லன்னீங்க. ஆபீஸ் எங்கன்னான். கைப்பைய காட்டுறீங்க! அவன் பாவம், தலைய உள்ள விட்டுத் தேடுறான்.

— போன், கொப்பி, மூக்குக்கண்ணாடி. ஒரு கந்தோருக்கு வேற என்ன வேணும்?

— கேக் வேணும் மிஸ். இன்னைக்கு இருபத்தி நாலு, விடிஞ்சா கிறிஸ்மஸ்.

— எனக்குத் தெரியாதோ? ரொறன்ரோ ஓடர் மட்டும் இருவத்தஞ்சு கேக், பின்னேரம் ஆறு மணிக்கு முன்னம். ஓடர் தந்த ஆக்களில றீற்றா ஒன்பது வருசமா இஞ்ச வர ஏலாமல் ரொறன்ரோவில இருந்து அந்தரிக்கிறாள். பேராதனையில தாய் தனிய. அந்த மனுசி விடியவே போன் எடுத்து, மேசைச்சீலை விரிச்சாச்சு, மகளின்ரை கேக் எத்தினை மணிக்கு வரும் எண்டு கேக்குது. நான் என்னத்தைச் சொல்ல? எனக்கு அழுகை வருது.

— அழாதீங்க மிஸ், வந்தாச்சு. இதான் வீடு. அக்கா! சுலைஹா அக்கா! நஸீம் நானா சொன்ன இருவத்தஞ்சு கேக்கும் ரெடியா?

— வாங்க தம்பி, வாங்க மிஸ். கேக் இன்னம் வரல்லயே.

— வரேல்லையோ? எங்க இருந்து வரோணும்? நீங்கள் சுடுறேல்லையோ?

— அல்லாஹ்! நான் எங்க மிஸ் சுடுற? வாப்பா பாண் போட்ட போறணை பின்னால ஈக்கி. மா ஈக்கி, முட்ட ஈக்கி. ஒருக்கா சுட்டுப் பார்த்தேன். செங்கல்லு மாதிரி வந்திச்சி. அதுக்குப் பொறகு ஓடர எடுத்து வேற எடத்துக்குக் குடுக்கிறதுதான். கையும் சுடாது, லாபமும் ஈக்கி.

— எந்த இடத்துக்குப் பிள்ளை குடுத்தனீங்கள்?

— குண்டசாலையில பெரிய கொம்பனி ஒண்டு ஈக்கி. செவ்வாய்க்கெழமையே சொல்லிட்டேன். அந்த மிஸ் நல்ல நம்பிக்கையா பேசினா. இரிங்க, இப்பவே போன் போட்டு ஏசுறேன்.

— மிஸ், ஒங்க பையில போன் அடிக்குது.

— இரும் அழகையா, இந்தப் பிள்ளை ஏசி முடிக்கட்டும்.

— இல்ல மிஸ். அவங்க கட் பண்ணா நிக்குது. திரும்பப் போட்டா அடிக்குது.

— ஐயோ கடவுளே! செவ்வாய்க்கிழமை இருவத்தஞ்சு கேக் கேட்டது நீங்களோ? நான் அதையும் நஸீமுக்கெல்லோ சொன்னனான்!

— அதான் புதன்கெழம நஸீம் நானா இன்னொரு இருவத்தஞ்சு சொன்னாரா! நான் அதையும் ஒங்களுக்குத்தானே மிஸ் சொன்னேன்!

— ஓம், நான் திரும்ப அவனுக்குச் சொன்னன். யாவாரம் ஏறுது எண்டு சந்தோசத்தில இரவு நித்திரையும் இல்லை!

— வியாழக்கெழமையும் வந்திச்சே மிஸ்!

— நிப்பாட்டுங்க ரெண்டு பேரும்! அப்ப இது வரைக்கும் ஒரு கேக்குகூட சுடாம நூறு கேக் கண்டிய சுத்திக்கிட்டு இருக்குது?

— ஏன் மிஸ், கொம்பனி நடத்துறீங்க, ரெண்டு கேக்காச்சும் கையில வெச்சிக்க ஏலாதா?

— வைச்சிருந்தனான் பிள்ளை. எழுவத்தேழில கடை நிறைய வைச்சிருந்தம். கலவரத்தில எரிச்சுப்போட்டாங்கள். கடன்பட்டுத் திரும்பக் கட்டினம். எண்பத்திமூண்டில அதையும் எரிச்சாங்கள். அண்டைக்கு றோட்டில நிண்டு சத்தியம் பண்ணினனான், இனிமேல் என்ரை கையில ஒரு சாமானும் இராது எண்டு. இல்லாத கடையை எவன் வந்து எரிக்கிறது?

— அது சரிதான் மிஸ். இத்தன வருஷமா ஒங்கள ஏத்திக்கிட்டுத் திரியுறேன், ஒரு நாளும் சொன்னதில்லையே. எரிஞ்சது என்ன கடை? புடவைக் கடையா?

— பேக்கரி. என்ரை வாயைப் பாக்காமல் போய்ப் போறணையை மூட்டுங்கோ.