பதினாறாம் வாய்ப்பாடு

விடுதிக் குளியலறையில் வழுக்கி விழுந்து கையில் கட்டுப் போட்டிருக்கும் மகளைப் பார்த்துவிட்டுச் சூலூர் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

“எங்கூட்டுக்காரரு குளிக்கையில சத்தமா வாய்ப்பாடு சொல்லோணுமுங்கக்கா” என்றாள் இளையவள்.

“ஏங்கண்ணு, குளிக்கப் போறாரா, பரீட்சைக்குப் போறாரா?”

“போன மாசம் பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டாருங்க. கதவை ஒடச்சுத்தான் தூக்குனோம். இப்பத் தண்ணித் தொட்டியை இடிச்சு, படியை எடுத்துப்போட்டு, நேரா நடந்து போயிக் குளிக்கிறாப்புல ஷவர் வெச்சாச்சு. தாப்பாள் மட்டும் வேண்டாம்னேன். கோவிச்சுட்டு ரெண்டு நாள் குளிக்கவே இல்லீங்க.”

“அப்பறம்?”

“சத்தம் கேட்டுட்டே இருக்கற வரைக்கும் யாரும் உள்ள வரமாட்டோம்னு பேசி முடிச்சோமுங்க. பாட்டு வராது, வாய்ப்பாடுதான் வரும்னாரு. நேத்துப் பதினாறாம் வாய்ப்பாட்டுல பாதியில சத்தம் நின்னுபோச்சு. பதறி ஓடுனா, ஒடம்பெல்லாம் நுரையோட நின்னுக்கிட்டு, ‘அம்மணி, பதினாறேழு எவ்வளவு?’ங்கறாரு.”

“நீ என்ன சொன்னே?”

“எனக்கு உசுரே போயிட்டு வந்துச்சு, இனிமே அஞ்சாம் வாய்ப்பாட்டைத் தாண்டாதீங்கன்னு சொல்லிப்போட்டேனுங்க.”