டேப்பின் மறுமுனையில் நின்றவர்

பகல் பன்னிரண்டு மணி. ஆமாம், பகல்தான். ராத்திரியில் மட்டும்தான் அதெல்லாம் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? உச்சி வேளையில் ஒத்தைப் புளியமரத்துப் பக்கம் போகாதே என்று உங்கள் வீட்டில் சொன்னதே இல்லையா? சரி, கிட்டே வந்து உட்காருங்கள். கரண்ட் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். டேய், அந்த செல்போன் லைட்டை அணைடா, மூஞ்சியில் அடிக்கிறது.

சித்திரை கடைசி, கத்திரி வெயில். மயிலம் தாண்டித் திருவக்கரைப் பக்கம் பிரிகிற ரோடு. கல்குவாரி லாரிகூட அந்த நேரத்தில் நிழல் பார்த்து ஒதுங்கிவிடும். இளகின தார் டயரில் ஒட்டிப் பிரியும் சத்தம் மட்டும்தான்... சர்ர்... சர்ர்... அந்த ரோட்டில் ஒரே ஒரு பைக் போய்க்கொண்டிருந்தது.

ஓட்டினவன் அறிவுச்செல்வன். நம் செல்வகுமாருடைய அக்கா அமலாவின் வீட்டுக்காரன். எனக்குப் பள்ளிக்கூடத் தோழன், அதனால் அவன் இவன் என்றுதான் சொல்வேன். நம்பாதவர்கள் செல்வகுமாரையே கேட்டுக்கொள்ளுங்கள். அதோ மூலையில், இந்தப் புழுக்கத்திலும் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் பாருங்கள். இந்தக் கதையை நான் எடுத்தாலே அவனுக்குக் குளிரும்.

ஊர்ப் பெயர் வேண்டாம். பழைய ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிவு பிறந்தது அந்த ஊர்க் காலனியில். இப்போது திண்டிவனத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். நாலு காசு சேர்ந்ததும் எல்லாரும் திண்டிவனத்திலேயே மனை பார்ப்பார்கள். இவன் பார்த்தது அதே ஊரில், ஊர்த்தெருவில், அப்பாதுரை வீட்டை. ஓட்டு வீடு, தெருவைப் பார்த்த தேக்குக் கதவு, பின்னால் தோட்டம்.

ஏன் அந்த வீடு? அவன் அம்மா சவுரியம்மாளுக்காக. பத்து வயதில் அந்த வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாணி வாரினவள். வருவதும் போவதும் தோட்டத்து வழியாகத்தான். பசிக்கிறது என்றால் குனியச் சொல்லிக் கேப்பைக் கூழைக் கையில் ஊற்றுவார்கள், ஏனம் கிடையாது. முன்பக்கத்துக் கதவை அவள் தெருவில் நின்று பார்த்ததோடு சரி.

"சாவறதுக்குள்ள அந்த வாசப்படி வழியா ஒருவாட்டி உள்ளாற போய்டணும்டா" என்று அறுபது வயதிலும் சொல்லிக்கொண்டிருந்தாள். இதுதான் அவன் மனதில் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

அவளுக்கு இன்னொரு ஆறாத கோபமும் உண்டு. அவள் அப்பா முத்துசாமி, அவள் பிறக்கும்போதே தலை நரைத்தவர். அந்தக் காலத்தில் நிலம் அளக்க வந்தால் சங்கிலி இழுக்கிறவர் அவர்தான். எந்தக் கல் எங்கே நட்டது என்று ஊரில் அவருக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. எப்போதோ கடப்பாரை விழுந்து இடது கால் கட்டைவிரல் நசுங்கி, நகம் போய், சப்பையாகிவிட்டது. ஒருநாள் மத்தியானம், "அப்பாதுரை தோட்டத்துல கல்லு நட்டுட்டு வந்துடறேன்" என்று கடப்பாரையோடு போனவர்தான். திரும்பி வரவே இல்லை. "பஸ்ஸுக்குக் காசு வாங்கிக்கினு பெங்களூரு போறேன்னு போனானே, ஒங்ககிட்ட சொல்லலியா?" என்றாராம் அப்பாதுரை. அப்போது அவர் முறுக்கு மீசை இளந்தாரி. அவர் சொன்னால் சொன்னதுதான்.

சவுரியம்மாளின் அம்மா காத்திருந்து காத்திருந்தே செத்தாள். கல்லறைத் திருநாள் அன்று அம்மா பெயருக்கு மெழுகுத்திரி ஏற்றுவாள் சவுரியம்மாள். அப்பா பெயருக்கு மட்டும் ஏற்ற மாட்டாள். "ஓடிப்போன சப்பவெரலுக்கு எதுக்குடா மெழுகுத்திரி?" ஐம்பது வருஷமாக இதே வசவுதான்.

இப்போது அப்பாதுரைக்கு எண்பதைத் தொடப்போகிறது. பெண்டாட்டி இல்லை, பிள்ளை சென்னையில். வீட்டை விற்றுவிட்டுப் போகிறேன் என்கிறார். ஊர்த்தெருவில் ஒருத்தனும் வாங்கவில்லை. அறிவு கேட்டதும் மறுபேச்சில்லாமல் சரி என்றுவிட்டார்.

அமலாதான் முட்டுக்கட்டை போட்டாள். "ஊர்க்காரனுங்க எவனும் தொடாத வூட்ட நமக்கு ஏன் குடுக்கறாரு? அளந்து பாக்காம அட்வான்ஸ் குடுத்துடாதீங்க, ஆமா!" என்றாள். நியாயம்தானே? பத்திரத்தில் தெருவிலிருந்து பின்னால் நூறு அடி என்று இருக்கிறது. மண்ணில் எத்தனை இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதற்காகத்தான் அந்த மத்தியானம் விழுப்புரத்திலிருந்து சர்வேயர் சீனுவாசனை வரச் சொல்லியிருந்தான்.

சீனுவாசன் தனியாக வந்திருந்தார். கூட வரும் ஆள் கல்யாணத்துக்குப் போய்விட்டானாம். அப்பாதுரை கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. "நீங்களே அளந்துக்குங்க. நான் தோட்டத்துப் பக்கம் வர்றதில்ல" என்றார். அப்போதுதான் அறிவு கவனித்தான்... தோட்டத்தைப் பார்த்த ஜன்னலுக்குக் குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்திருந்தது. ஆணியெல்லாம் துருவேறி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

தெருப்பக்கத்துக் கல் சுலபமாகக் கிடைத்தது. பின்மூலைக் கல்லைத்தான் காணோம். பின்னால் போகப்போக ஒரே வேலிகாத்தான் முள். வீட்டோரச் சந்தில் நூறடி டேப்பை விட்டுக்கொண்டே சீனுவாசன் கத்தினார். "யாராவது அந்தக் கடேசிக்குப் போய்ப் புடிங்கப்பா!"

முள்ளுக்குள்ளிருந்து ஒரு கிழவர் வந்தார். கோவணம். துண்டு தோளில் இல்லை, இடுப்பில் கட்டியிருந்தார். டேப்பின் வளையத்தை வாங்கிக்கொண்டு வந்த வழியே உள்ளே போனார். அத்தனை முள்ளில் ஒரு சருகு சத்தம்கூடக் கேட்கவில்லை.

வீட்டுக்காரர் ஆள் என்று அறிவு நினைத்தான். அறிவு கூட்டி வந்த ஆள் என்று சீனுவாசன் நினைத்தார். நீங்கள் யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அந்த மாதிரி ஆளை யார் பேர் கேட்டிருக்கிறார்கள்? கோவணம் கட்டினவன் எங்காவது நின்றால் யாரோ ஒருத்தருடைய வேலையாள், அவ்வளவுதான். அறிவே கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். காலனியில் பிறந்த பயல், அவனே கேட்கவில்லை!

டேப் முள்ளில் சிக்காமல் இருக்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டே பின்னால் போனான் அறிவு. கிழவர் வளையத்தைக் கையில் பிடிக்கவில்லை. மண்ணில் வைத்து, இடது கால் கட்டைவிரலால் அழுத்தி மிதித்துக்கொண்டு, குச்சி மாதிரி நின்றார். அறிவு வளையத்தைப் பார்த்தான், விரலைப் பார்த்தான். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"நூறு! கரெக்டா நூறு!" என்று தெருப்பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. அதே நேரம் குவாரியில் வேட்டு வைத்தார்கள். டொம்ம்ம்... அதற்கப்புறம் காக்காய்கூடக் கத்தவில்லை.

"சரியா இருக்குதுங்களா, ஆண்டே?"

ஆண்டே. பண்ணைக்காரரைக் கூப்பிடும் அந்த வார்த்தையைச் சின்ன வயதில் தன் அம்மா வாயிலிருந்து கேட்டிருக்கிறான் அறிவு. இன்றைக்குத் தன்னை ஒருவர் அப்படிக் கூப்பிடுகிறார். கூச்சமாக இருந்தது. பொய் சொல்வானேன், கொஞ்சம் குளுகுளு என்றும் இருந்தது.

"இருக்குது, இருக்குது. வுட்டுடு" என்றான். அப்பன் வயதுக்கும் மேற்பட்ட ஆளைப் பார்த்து 'வுட்டுடு' என்றான்.

கிர்ர்ர் என்று டேப்பைச் சுற்றினார் சீனுவாசன். கடைசி முழம் வந்தபோது கை ஈரமாயிற்று. வளையம் முழுக்கக் கறுப்புக் களிமண்... பாழுங்கிணற்றைத் தூர் வாரினால் ஒரு வாடை வருமே, அந்த வாடை. மழை பெய்து நாலு மாதம் ஆகிறது, ஐயா! இருவரும் முள்ளை விலக்கிப் பார்த்தார்கள். ஆள் இல்லை. ஆள் நுழைகிற சந்தும் இல்லை.

"நீங்க இட்டாந்த ஆளு எங்க, சார்?" என்றார் சீனுவாசன்.

"நான் எங்க இட்டாந்தேன்? வூட்டுக்காரரு ஆளுன்னு இல்ல நெனச்சேன்!"

உள்ளே போய் அப்பாதுரையிடம் சொன்னார்கள். "நூறு அடி சரியா இருக்குதுங்க. கல்லுதான் இல்ல, புதுசா நட்டுடலாம்" என்றார் சீனுவாசன்.

"அந்தப் பக்கம் யாரு புடிச்சது?"

"ஒங்க ஆளுதாங்க. வயசானவரு" என்றான் அறிவு.

"எனக்கு ஏதுய்யா ஆளு?" கட்டில் கயிறு கிறீச்சென்றது. "கையால புடிச்சானா... காலால மிதிச்சானா?"

"காலால."

"எந்தக் காலு?"

"எடது காலுங்க."

"கட்டவெரலு சப்பையா இருந்துதா?"

அறிவு பார்த்தானே! நகமில்லாத, தட்டையான, கறுத்த விரல். பார்த்த கண்ணுக்கு அப்போது உறைக்கவில்லை. ஐம்பது வருஷ வசவு இப்போது காதில் வந்து விழுந்தது. ஓடிப்போன சப்பவெரலு.

அப்பாதுரை அவன் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "நீ அவன் பேரன்னு தெரிஞ்சுதான் ஒனக்குக் குடுக்க ஒத்துக்கினேன். ஒங்க வகையறா கையில வந்துட்டா போய்டுவான்னு பார்த்தேன்..." பிறகு சர்வேயர் பக்கம் திரும்பினார். "கல்லு நடணும்னா குழி தோண்டுவீங்க இல்ல?"

"ரெண்டு ரெண்டரை அடி தோண்டணும்ங்க."

"அப்பன்னா தொண்ணூறு அடிதான் தருவேன். பின்னாடி பத்தடி என் பேர்லயே கிடக்கட்டும். தொண்ணூறுல செவுரு எடுத்துக்க. சரின்னா ஜல்தியா கையெழுத்து. நூறு வோணும்னா வூடே இல்ல."

"வழியில்லாத பத்தடிய வச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?" என்று சீனுவாசன் சிரித்தார். அப்பாதுரை சிரிக்கவில்லை. அறிவும் சிரிக்கவில்லை.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? எங்க தாத்தாவை என்னய்யா பண்ணினே என்று சட்டையைப் பிடித்திருப்பீர்கள், இல்லையா? கடப்பாரையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடியிருப்பீர்கள். வாய்க்கு என்ன, வாய் எதை வேண்டுமானாலும் சொல்லும். அறிவு அங்கேயே நின்று யோசித்தான். தோண்டினால் போலீஸ், கோர்ட்டு, ஊர்த்தெருவும் காலனியும் கட்டிப் புரளும். அம்மாவுக்கு அறுபது. வாசப்படி வேண்டுமா, பின்மூலை வேண்டுமா?

"தொண்ணூறே போதுங்க" என்றான்.

அம்மாவிடம் சொல்லவில்லை. அமலாவிடமும் சொல்லவில்லை. பத்து நாளில் பத்திரம் முடிந்தது. முள்ளை வெட்டித் தொண்ணூறு அடியில் ஏழடி உயரத்துக்குச் சுவர். சுவருக்கு நூல் கட்டிய அன்று கொத்தனார் ஒற்றை ஆள். நூலை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, "அந்தப் பக்கம் நல்லா டைட்டா புடிக்கறாரு பெருசு. பழைய கை போலக்குது" என்றார். அறிவு திரும்பிப் பார்க்கவே இல்லை. சிமெண்ட் வாங்கிவருகிறேன் என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தன்னை வெளியே தள்ளுகிற சுவருக்கு அவரே நூல் பிடித்திருக்கிறார். செத்தவரிடமும் வேலை வாங்கியிருக்கிறார்கள், படுபாவிகள்!

வீட்டை மந்திரிக்க மாதா கோயில் சாமியார் வந்தார். தெருவெல்லாம் கதவிடுக்கில் நின்று பார்த்தது. புதுப்புடவை கட்டிக்கொண்டு, தேக்கு நிலையைக் கையால் தடவிவிட்டு, வலது காலை எடுத்து வாசப்படிக்குள் வைத்தாள் சவுரியம்மாள். அழுதாள். சிரித்தாள். "பாத்தியாடி, பாத்தியாடி" என்று அமலாவை உலுக்கினாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே எல்லாம் என்று அறிவும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவள் ஒவ்வொரு அறையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போய்ப் பின்கதவைத் திறந்தாள். மணி பன்னிரண்டேகால் இருக்கும். குவாரியில் வேட்டு. டொம்ம்ம்...

ரொம்ப நேரமாகியும் அவள் திரும்பவில்லை. அறிவு போய்ப் பார்த்தான். வெயிலில் நின்றிருந்தாள். அவள் ஐந்தடிகூட இல்லை, சுவரோ ஏழடி. அந்தப் பக்கம் எதுவும் தெரிய வழியே இல்லை. ஆனால் அவள் கண் சுவரைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

"எங்கப்பன ஏண்டா வெளிய நிக்கவச்சு செவுரு எடுத்த?"

அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஐம்பது வருஷமாக வைதுகொண்டிருந்த அந்த வாயால், பத்து வயதுப் பெண் மாதிரிக் கூப்பிட்டாள்.

"யப்பா... ஓடிப்போவலியா நீ? சுத்திக்கினு தெருப்பக்கமா வாப்பா. வாசப்படி வழியா வா. இப்ப நம்ம வூடுதாம்ப்பா."

பின்னாலேயே வந்த அமலாவுக்கு ஒன்றும் கேட்கவில்லையாம். அறிவுக்குக் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. மகளுக்கு இல்லை, அவனுக்கு.

"பரவால்லிங்க, ஆண்டே... நான் இங்கியே நின்னுக்கறேன்."